சனிக்கிழமை போட்டோ ஏன் நின்று போனது



இது நீளமான பதிவு. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வாசிக்க உட்காராதீங்க. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது கொஞ்சம் கீழே போனால் தெரியும்.

2019 மே மாதம் ரிட்டயர் ஆன பிறகு, சனிக்கிழமைதோறும் ஒரு பழைய வகுப்பு குரூப் போட்டோவை இங்கே போட்டு வந்தேன். உங்களில் பலரும் அதற்காகவே என் பக்கத்துக்கு வந்தீங்க. "டீச்சர், ரெண்டாவது வரிசைல கண்ண மூடிட்டு நிக்கது நாந்தான்" என்று மஸ்கட்டிலிருந்து ஒருத்தன் எழுதுவான். "பக்கத்துல நிக்கவ இப்ப எங்க இருக்கா டீச்சர்?" என்று திருப்பூரிலிருந்து ஒருத்தி கேட்பாள். பதினைந்து இருபது வருஷம் பேசாமல் இருந்தவர்கள் அந்தப் படங்களுக்குக் கீழே பேசிக்கொண்டார்கள்.

2021 ஜூன் மாதத்தோடு அது நின்றுபோனது. கேட்டவர்களுக்கெல்லாம் "ஸ்கேனர் ரிப்பேர்" என்றேன். நாலு வருஷமாக இதே பதில்தான். புது ஸ்கேனர் வாங்கித் தருகிறேன் என்று இரண்டு பேர் சொன்னீங்க. ஒருத்தி அட்ரஸ்கூட கேட்டாள். ஸ்கேனருக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்றைக்கும் நன்றாகத்தான் ஓடுகிறது. நான் சொன்னது பொய்.

இப்போது உண்மையைச் சொல்ல வைத்தது போன மாதம் நடந்த ஒரு விஷயம். என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்த ஒரு டீச்சர், பேர் வேண்டாம், வீட்டுக் கம்ப்யூட்டரில் சமையல் குறிப்பு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகி, இங்கிலீஷில் ஒரு பெண் குரல் சத்தம் போட ஆரம்பித்ததாம். உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்துவிட்டது, அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும், உடனே இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள் என்று. அவரும் செய்தார். மறுமுனையில் பேசியவன் ரொம்ப மரியாதையாகப் பேசினானாம். தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்குகிற ஒரு செயலியைப் போடச் சொல்லியிருக்கிறான். "பாதுகாப்புக் கட்டணம்" கட்ட வேண்டும், பேங்க் பக்கத்தைத் திறங்கள் என்றிருக்கிறான். அந்த மாதப் பென்ஷன் மொத்தமும் போய்விட்டது.

பணம் போனதைவிட எனக்கு வலித்தது இன்னொன்று. ஷார்ஜாவில் இருக்கும் மகனிடம் பதினோரு நாள் அவர் வாயைத் திறக்கவில்லை. "என்னைக் கூறுகெட்டவன்னு நினைப்பான் அக்கா" என்று என்னிடம் அழுதார். முதல் ஒரு மணி நேரத்துக்குள் 1930 என்ற நம்பருக்கு அடித்துச் சொல்லியிருந்தால் பணத்தை நடுவழியில் நிறுத்தி வைக்க ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். பதினோரு நாளில் அது எத்தனை கை மாறியதோ.

அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. நானும் அதைத்தானே செய்தேன்.

2021 ஜூன், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். லாக்டவுன் நேரம். மறுநாள் போடுவதற்கு 1997 ஐந்தாம் வகுப்புப் படத்தை எடுத்து வைத்திருந்தேன். அதன் ஓரத்தில் பூஞ்சை பிடித்து, நாலு பிள்ளைகளின் முகம் மங்கிப் போயிருந்தது. அந்த மாதிரி படத்தைச் சரிசெய்ய ஒரு நல்ல சாஃப்ட்வேர் உண்டு என்று படித்தேன். வருஷச் சந்தா ஆயிரக்கணக்கில். கூகுளில் அதன் பேரோடு "ஃப்ரீ ஃபுல் வெர்ஷன்" என்று சேர்த்து அடித்தேன். வந்து விழுந்தது.

பாஸ்வேர்டு போட்டுக் கட்டிய ஒரு ஜிப் ஃபைல். கூடவே ஒரு குறிப்பு: இதைப் போடும் முன் உங்கள் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும். அணைத்தேன் பிள்ளைகளே. நாயைக் கட்டிப்போடு, நான் சுவர் ஏறி வருகிறேன் என்று திருடன் சொல்ல, வீட்டுக்காரி நாயைக் கட்டிப்போட்ட கதை. ஜிப்புக்குப் பாஸ்வேர்டு எதற்கு என்பதும் பிற்பாடுதான் புரிந்தது. பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஆன்டிவைரஸால் பார்க்க முடியாது.

காப்பியடித்த பேப்பரைக் கண்டால் வகுப்பிலேயே கிழித்துப் போட்ட டீச்சர் நான். என்னிடம் அடி வாங்கியவர்கள் இதை வாசிக்கிறீர்கள் என்று தெரியும். காசு கொடுத்து வாங்க வேண்டியதைத் திருட்டு வழியில் எடுக்கிறோம் என்று அன்றைக்கு என் மனசில் தோன்றவே இல்லை.

சாஃப்ட்வேர் திறக்கவில்லை. அதற்குப் பதில் "விண்டோஸ் அப்டேட்" என்று ஒரு சின்னப் பெட்டி வந்து, எத்தனை சதவீதம் முடிந்தது என்று ஓடிக்கொண்டிருந்தது. அப்டேட்தானே, முடியட்டும் என்று எழுந்துபோய் தோசைக்கல்லைப் போட்டேன். நாலு தோசை சுட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அந்த நேரத்தில்தான் அது என் ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தது. அப்டேட் பெட்டி பொய், நம்மைக் கை வைக்காமல் காத்திருக்க வைப்பதற்கு ஒரு திரை.

திரும்பி வந்தபோது ஒவ்வொரு படத்தின் பேருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நாலு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம். உங்கள் ஃபைல்களை மீட்க 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை, 490. ஆடித் தள்ளுபடி மாதிரி. 490 டாலர் என்றால் அன்றைக்கு 36 ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம்.

இதன் பேர் ஸ்டாப் டிஜேவு என்று பிறகு தெரிந்தது. 2018 வாக்கில் தொடங்கி உலகம் முழுக்க வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பிடித்து ஆட்டிய கும்பல். பெரிய கம்பெனிகளை அதிகம் தொடுவதில்லை. திருட்டு சாஃப்ட்வேர் தேடுகிற நம்மைப் போன்றவர்கள்தான் அதற்கு இரை. எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் 2019 அக்டோபரில் ஒரு மீட்புச் சாவியை இலவசமாகவே வெளியிட்டிருந்தது. ஆனால் பூட்டுகிற நேரத்தில் கம்ப்யூட்டர் நெட்டில் இருந்து, அந்தக் கும்பலின் சர்வரைத் தொட்டிருந்தால் ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி. அப்போது இலவசச் சாவி செல்லாது. என் கம்ப்யூட்டர் நெட்டில்தான் இருந்தது.

சரி, இதுவரை நடந்தது என் பேராசை. அடுத்து நடந்ததுதான் பெரிய தப்பு. மகனிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து அவன் போன் செய்தான். "கம்ப்யூட்டர்லாம் நல்லா இருக்காம்மா?" என்று தற்செயலாகக் கேட்டான். நல்லா இருக்கு என்றேன். நானே சரிசெய்து விடுவேன் என்று ஒரு வீம்பு. உதவி தேடி ஆன்டிவைரஸ் கம்பெனிகளின் பக்கங்களைத் திறந்தால் ஒன்றும் திறக்கவில்லை. நெட் சரியில்லை என்று நினைத்தேன். அதுவும் இந்த வைரஸின் வேலைதான். நமக்கு உதவக்கூடிய இணையதளங்களின் முகவரிகளைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே மாற்றி எழுதி, அங்கே போகவிடாமல் அடைத்துவிடுகிறது. ஊருக்கு வெளியே போகிற ரோட்டையெல்லாம் முள் வெட்டிப் போட்டு மறித்த மாதிரி.

இந்த வைரஸ் பல நேரம் தனியாக வருவதில்லை, பாஸ்வேர்டு திருடும் இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு வரும். என் பிரவுசரில் "ஞாபகம் வைத்துக்கொள்" என்று சேமித்திருந்த ஈமெயில், ஃபேஸ்புக் பாஸ்வேர்டுகள் முதல் ராத்திரியே போய்விட்டன. ஆறாவது நாள் என் பேரிலிருந்து உங்களில் பலருக்குச் செய்தி வந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அவசரமாக ஐயாயிரம் வேண்டும் என்று. கொரோனா உச்சத்தில் இருந்த நேரம். யார்தான் நம்ப மாட்டார்கள்? மூன்று பேர் அனுப்பிவிட்டீர்கள். அதில் ஒருத்தன் ஆட்டோ ஓட்டுகிறவன், அப்போது சவாரியே கிடையாது. "டீச்சருக்கு எப்படி இருக்கு" என்று அவன் என் தங்கச்சிக்குப் போன் போட்டுக் கேட்டபோதுதான் விஷயம் வீட்டுக்குத் தெரிந்தது. ஒன்பதாவது நாள்.

மூன்று பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆட்டோக்காரத் தம்பி வாங்க மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்தான், அவன் மனைவியிடம் கொடுத்தேன். அன்றைக்கு உங்களிடம் "என் அக்கவுண்ட் ஹேக் ஆயிட்டு" என்று மட்டும் போட்டேன். எப்படி ஹேக் ஆனது என்று சொல்லவில்லை.

மகன் திட்டவில்லை. "முதல் நாளே சொல்லியிருந்தா இங்க இருந்தே எல்லா பாஸ்வேர்டையும் மாத்தியிருப்பேனேம்மா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். படங்கள் எப்படியும் போயிருக்கும். ஆனால் அந்த ஐயாயிரங்கள் போயிருக்க வேண்டாம்.

வீட்டுக் கம்ப்யூட்டர் பாதுகாப்பு என்றால் எல்லாரும் எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். என் கருத்து வேறே. நம் வீடுகளில் வைரஸுக்கு ரொம்ப உதவி செய்வது நம்முடைய வெட்கம். பெரியவர்கள் மறைக்கிறோம். பிள்ளைகள் திட்டுவார்கள், "ஒங்களுக்கு எதுக்கு இதெல்லாம்" என்பார்கள் என்று பயந்து மறைக்கிறோம். அந்த மறைக்கிற நாட்களில்தான் திருடன் நிதானமாக வேலை செய்கிறான்.

வீட்டில் மட்டுமல்ல, பெரிய இடங்களிலும் இதே குணம்தான். நம்ம ஊரிலிருந்து திருச்செந்தூர், உவரி வழியாகக் கடற்கரையை ஒட்டிப் போனால் கூடங்குளம். 2019 அக்டோபர் கடைசியில் அந்த அணுமின் நிலையத்துக்குள் வைரஸ் நுழைந்துவிட்டது என்று செய்தி பரவியது ஞாபகம் இருக்கும். அக்டோபர் 29-ஆம் தேதி நிலையத்தின் தரப்பில், இது பொய்ச் செய்தி, அணு உலையின் கட்டுப்பாட்டுக் கருவிகள் வெளியுலகத்தோடு இணைக்கப்படவே இல்லை, தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று அறிக்கை வந்தது. மறுநாளே அணுமின் கழகம் இன்னொரு அறிக்கை விட்டது. வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது உண்மைதான், செப்டம்பர் 4-ஆம் தேதியே செர்ட்-இன் என்ற அரசு அமைப்பு தங்களுக்குத் தகவல் கொடுத்துவிட்டது, நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு சேர்ந்த நெட்வொர்க்கில் இருந்த ஒருவரின் கம்ப்யூட்டரில்தான் அது இருந்தது, உலைப் பக்கத்து நெட்வொர்க் தனி, அதைத் தொடவில்லை என்று.

உலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது ஆறுதல். இரண்டு நெட்வொர்க்கையும் தனித்தனியாக வைத்திருந்தது நல்ல புத்தி. ஆனால் முதல் நாள் "இல்லவே இல்லை", மறுநாள் "ஆமாம், ஆனால்" என்று வந்ததால், கடற்கரை ஊர்களில் உண்மையான பாதியையும் யாரும் நம்பவில்லை. எங்கள் சொந்தத்தில் உவரிப் பக்கம் ஒரு மயினி இருக்கிறார். "ரெண்டு நாள்ல ரெண்டு பேச்சு, எதைத்தான் நம்ப?" என்று கேட்டார். அணுமின் நிலையத்தில் ஒரு அலுவலகக் கம்ப்யூட்டர், என் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர். முதலில் வாயில் வந்தது அங்கேயும் "இல்லை"தான், இங்கேயும் "இல்லை"தான்.

டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் 2022 நவம்பர் 23-ஆம் தேதி சர்வர்கள் பூட்டப்பட்டபோது அன்றைக்கே வெளியே சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரம் போல ஓ.பி. சீட்டிலிருந்து எல்லாவற்றையும் கையால் எழுதினார்கள். கஷ்டம்தான். ஆனால் நோயாளிக்கு ஏன் வரிசை நகரவில்லை என்று தெரிந்திருந்தது.

இனி, கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வரப்போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அப்பா அம்மா வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கும். நீ காலேஜ் படிக்கும்போது வாங்கியதாக இருக்கும், அல்லது பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்பாக இருக்கும். அதன்மேல் குரோஷா துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். அரை மணி நேரம் அதன்முன் உட்காரு.

முதலில் அது எந்த விண்டோஸ் என்று பார். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளை அதில் சேமிக்கச் சம்மதித்தால் காசில்லாமல் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு கிடைக்கும். அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கும், அப்பாவால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அப்டேட் அவ்வளவு முக்கியமா என்று கேட்டால், 2017 மே 12-ஆம் தேதியை நினைத்துப் பார். வான்னாக்ரை என்ற வைரஸ் ஒரே நாளில் உலகத்தைச் சுற்றியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் ஸ்தம்பித்தன, திருப்பதி தேவஸ்தானத்து அலுவலகக் கம்ப்யூட்டர்கள்கூடத் தப்பவில்லை. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. இரண்டு மாதமாகப் போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

கடையில் ஆன்டிவைரஸ் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டு உபயோகத்துக்குப் போதும், அணைக்காமல் இருந்தால். அதில் ரேன்சம்வேர் பாதுகாப்பு என்று ஒரு பகுதி, பெரும்பாலான வீடுகளில் திறக்கப்படாமலே கிடக்கிறது. அதை இயக்கினால் முன்பின் தெரியாத புரோகிராம் எதுவும் படங்கள், டாக்குமெண்ட்கள் இருக்கிற ஃபோல்டரில் கை வைக்க முடியாது. எனக்கு அது தெரிந்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. (அணைக்கச் சொன்னவுடன் மொத்தத்தையும் அணைத்தவள் அதை மட்டும் விட்டு வைத்திருப்பேனா என்று மகன் கேட்கிறான். நியாயமான கேள்வி.)

அப்பா அம்மாவுக்குச் சாதாரண யூசர் கணக்கு ஒன்று தனியாகத் திறந்து கொடு. அட்மின் பாஸ்வேர்டு உன்னிடமோ, டைரியிலோ இருக்கட்டும். எதையாவது புதிதாகப் போட வேண்டுமென்றால் அது பாஸ்வேர்டு கேட்கும். கேட்கிற அந்த நொடியில் உனக்கு ஒரு போன் வரும்.

ஃபைல் பேரின் கடைசிப் பகுதி தெரிகிற மாதிரி வை. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், நான் வகுப்பெடுத்துப் பழகியவள். ஒவ்வொரு ஃபைலுக்கும் பேர் உண்டு, புள்ளிக்குப் பிறகு குடும்பப் பேர் உண்டு. பிடிஎஃப், ஜேபெக் என்றால் வாசிக்க, பார்க்க. எக்ஸே என்றால் அது ஒரு ஆள், உள்ளே வந்து வேலை செய்கிறவன். விண்டோஸ் இந்தக் குடும்பப் பேரை வழக்கமாக மறைத்தே வைக்கிறது. அதனால் "கரண்ட் பில்.பிடிஎஃப்.எக்ஸே" என்று ஒருவன் வந்தால் நமக்கு "கரண்ட் பில்.பிடிஎஃப்" என்று மட்டும் தெரியும். 2000-ஆம் வருஷம் மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய ஐ லவ் யூ வைரஸ் இதே வேஷத்தில்தான் போனது. காதல் கடிதம், சாதாரண எழுத்து ஃபைல் மாதிரி தெரியும், பின்னால் ஒளிந்திருந்த விபிஎஸ் என்ற பேர் மறைந்திருக்கும். கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்கள் மாட்டின. எழுதியவன் பிலிப்பைன்ஸ் மாணவன், அன்றைக்கு அந்த நாட்டில் இதற்குச் சட்டமே இல்லாததால் வழக்கு நிற்கவில்லை. இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது, அந்த மறைக்கும் வழக்கம் இன்னும் மாறவில்லை. வியூ என்பதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று இருக்கும், ஒரு டிக் போடு, போதும்.

பென்டிரைவ். ஆதார் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோகும் பென்டிரைவில் வேறு எதையும் வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். திரும்பி வரும்போது ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். பயந்து ஃபார்மேட் செய்துவிடக் கூடாது. பெரும்பாலும் உள்ளே இருப்பது அழிந்திருக்காது, ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். தெரிந்தவர் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

திருட்டு சாஃப்ட்வேர் பற்றி நான் பேச யோக்கியதை இல்லை என்று சொல்லலாம், ஆனால் அடிபட்டவள் பேசுகிறேன். 1986-ல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய பிரெய்ன்தான் பி.சி.களில் பரவிய முதல் வைரஸ். எங்கள் சாஃப்ட்வேரைத் திருட்டுத்தனமாகக் காப்பி எடுப்பவர்களைப் பிடிக்க எழுதினோம் என்றார்கள். அதில் தங்கள் முகவரியையும் போன் நம்பரையும் போட்டிருந்தார்கள், பாவம். காப்பி எடுத்தவன் வீட்டுக்கு வைரஸ் வருவது அன்றைக்கே தொடங்கிய வழக்கம். இன்றைக்கு எழுதுகிறவன் முகவரி தருவதில்லை. வேர்டு வேலைக்கு லிப்ரே ஆபீஸ், படம் சரிசெய்ய கிம்ப், இரண்டும் இலவசம், திருட்டும் இல்லை. 1997 படத்தின் பூஞ்சையை இப்போது கிம்ப்பில்தான் துடைத்துக்கொண்டிருக்கிறேன். பழகக் கொஞ்சம் நாள் ஆகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நகல். வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் எடுத்துவிட்டு, கம்பியைக் கழற்றி வை. மாட்டியபடியே விட்டால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும். என் டிஸ்க் மாட்டித்தான் இருந்தது. இன்னொரு நகல் வேறு ஊரில் இருக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது வைரஸ் அல்ல, 2023 டிசம்பர் மழை. 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, தாமிரபரணி ஏரலுக்குள் வந்தபோது, அங்கே எங்கள் சித்தப்பா வீட்டில் கம்ப்யூட்டரும் நகல் எடுத்த டிஸ்கும் ஒரே அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. இரண்டும் சேற்றில். நிலப் பத்திரத்தின் ஸ்கேன்கூட அதில்தான் இருந்தது. ஊருக்கு வரும்போது கருப்பட்டியும் மக்ரூனும் கட்டிக்கொண்டு போகிறீர்களே, அதோடு அப்பாவின் டிஸ்கிலிருந்து ஒரு நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

"பெரியவங்களுக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம் அத்தை, போன் போதும்" என்று என் மருமகன் ஒருத்தன் சொல்கிறான். ஒத்துக்கொள்ள மாட்டேன். போனில் மட்டும் என்ன வாழ்கிறது? கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஏபிகே ஃபைல் வாட்ஸ்அப்பில் வருகிறது, திறந்தால் ஓடிபியைத் திருடுகிறது. கண் மங்கிய வயதில் பெரிய திரையும் பெரிய எழுத்தும் எவ்வளவு உதவி என்று அவனுக்கு அறுபது வயதானால் தெரியும்.

அரை மணி நேரம் முடிந்த பிறகு, எழுந்திருக்கும் முன் இன்னொன்று செய். அப்பாவிடம் சொல்: "என்ன ஆனாலும் எனக்குத்தான் முதல்ல போன் பண்ணணும். நான் திட்ட மாட்டேன்." சொன்னபடி திட்டாமலும் இரு. சிவப்புத் திரை வந்தால் எந்த நம்பருக்கும் பேச வேண்டாம், பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும், ஒன்றும் அழியாது என்று செய்து காட்டு. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. பணம் போய்விட்டால் 1930. இந்த இரண்டையும் ஒரு அட்டையில் பெரிதாக எழுதி திரைக்குப் பக்கத்தில் ஒட்டு. தமிழில் எழுது.

என் வயதுக்காரர்களுக்கு: ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த அன்றைக்கே சொல்லிவிடுங்கள். என்னைப் பாருங்கள், நாலு வருஷம் ஸ்கேனரைக் குற்றம் சொல்லித் திரிந்தேன். அந்த ஸ்கேனர் பேசுமானால் மானநஷ்ட வழக்கே போட்டிருக்கும்.

படங்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். மொத்தம் 412 ஸ்கேன். சனிக்கிழமைகளில் இங்கே போட்டவை தப்பித்தன, கொஞ்சம் தெளிவு குறைவு. அந்த வைரஸ் பெரிய ஃபைல்களில் தொடக்கப் பகுதியை மட்டும் பூட்டுகிறது. அதனால் 2008 ஆண்டு விழா வீடியோவில் பெரும்பகுதியை மகன் மீட்டுவிட்டான். தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து மட்டும் இல்லை. மற்றவை பூட்டியபடியே ஒரு டிஸ்கில் கிடக்கின்றன. என்றைக்காவது அந்தக் கும்பலின் சாவிகள் போலீஸ் கையில் சிக்கினால் திறக்கலாம் என்பதால் அழிக்கவில்லை.

அசல் படங்கள் என்னிடம் இல்லை. மரப்பெட்டியில் கரையான் விட்டு வைத்ததைத்தான் ஸ்கேன் எடுத்தேன். எடுத்து முடித்ததும் கேட்டவர்களுக்கெல்லாம் அசலைக் கொடுத்துவிட்டேன், கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே என்று. 2019, 2020-ல் வீட்டுக்கு வந்து வாங்கிப் போனவர்கள் பீரோவில் தேடிப் பாருங்கள். எனக்கு இன்னும் கிடைக்காதவை: 1986, 1991, 1993 ஐந்தாம் வகுப்பு, 1999 நான்காம் வகுப்பு, 2004 சுதந்திர தின அணிவகுப்பு. மழைக்குப் பள்ளித் திண்ணையில் ஒதுங்கி நின்று எடுத்த படம் ஒன்று, வருஷம் ஞாபகமில்லை, ஓரத்தில் சத்துணவு ஆயா நிற்பார்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தெளிவு குறையும், ஈமெயிலில் அனுப்புங்கள். அனுப்பும் முன் ஒரு போன் செய்து, நீங்கள்தான் அனுப்புகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வந்தால் திறக்க மாட்டேன். பென்டிரைவில் கொண்டு வருபவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன். 1997 படம் வருகிற சனிக்கிழமை வரும். நாலு முகத்தில் மூன்று தெளிந்துவிட்டது, நாலாவது யார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.